வினையூக்கி எங்கே போகிறது?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செம்மை செய்யப்பட்ட எழுத்து வடிவம். திரையில் காட்டிய படங்களையும் இடையிடையே சொன்ன சில கிளைக்கதைகளையும் நீக்கியிருக்கிறேன்.)



'தொழிற்சாலை வினையூக்கிகள்: பாதுகாப்பும் ஆயுளும்' என்று அழைப்பிதழில் அச்சாகியிருக்கிறது. படித்தால் இரண்டு உரைகளுக்கான தலைப்பு போலத் தெரியும். எங்கள் துறையிலும் அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறோம். நச்சுத்தன்மையைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒரு கருத்தரங்கில் கூடுவார்கள். வினையூக்கி ஏன் சீக்கிரம் செத்துப்போகிறது என்று ஆராய்கிறவர்கள் வேறொன்றில் கூடுவார்கள். ஒருவர் கட்டுரையை மற்றவர் படிப்பது அபூர்வம்.

இவை பெரும்பாலும் ஒரே கேள்வி என்பதே இன்று நான் சொல்ல வந்தது. வினையூக்கியில் வைத்த உலோகம் வைத்த இடத்திலேயே இருக்கிறதா, கிளம்பிப் போகிறதா? கிளம்பினால் ஆலைக்கு நட்டம். அது போய்ச் சேர்கிற இடத்தில் யாராவது இருந்தால் அவருக்கு ஆபத்து. 'வினையின் முடிவில் நிறையிலும் வேதி இயைபிலும் மாறாமல் இருப்பது வினையூக்கி' என்று பள்ளியில் எழுதி நாம் எல்லோரும் மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். ஆலையின் கொள்முதல் பிரிவில் உட்கார்ந்திருப்பவரிடம் அதைச் சொன்னால் சிரிப்பார். வருடா வருடம் புது கேட்டலிஸ்ட்டுக்கு ஆர்டர் போடுகிறவர் அவர்தான்.

1. வடிகாலில் போன பாதரசம்

பாதரசம் என்றதும் இந்த அவையில் பலருக்குக் கொடைக்கானல் நினைவுக்கு வரும். 2001இல் மூடப்பட்ட அந்த வெப்பமானி ஆலையில் பாதரசம் விற்கும் பொருளின் உள்ளேயே இருந்தது. நான் எடுத்துக்கொள்வது விற்கும் பொருளில் இருக்கவே கூடாத பாதரசத்தை. அது ஜப்பானில் நடந்தது.

1881இல் ருஷ்ய வேதியியலர் மிகயீல் குச்சேரவ் கண்டுபிடித்த வினை எளிமையானது. பாதரச உப்பு கலந்த கந்தக அமிலக் கரைசலில் அசெட்டிலீன் வாயுவைச் செலுத்தினால் அசெட்டால்டிஹைடு கிடைக்கும். அதிலிருந்து அசெட்டிக் அமிலமும் பிளாஸ்டிக்கை இளக்கும் சேர்மங்களும் செய்யலாம். கியூஷு தீவில் மினமாட்டா என்ற கடலோர ஊரில் இருந்த சிஸ்ஸோ நிறுவனம் இந்த வழியில் 1932 முதல் 1968 வரை அசெட்டால்டிஹைடு செய்தது. 1951இல் ஆண்டுக்குச் சுமார் 6,000 டன்னாக இருந்த உற்பத்தி 1960இல் 45,000 டன்னுக்கு வந்தது. போருக்குப் பின் எழுந்த ஜப்பானுக்கு அது பெருமைக்குரிய ஆலை.

அந்தக் கலனுக்குள் நடந்ததைப் பார்ப்போம். பாதரச அயனி வினையை நடத்துகிறது. நடத்தும்போதே அதில் ஒரு பகுதி உலோகப் பாதரசமாக ஒடுக்கமடைகிறது. அதைத் திரும்ப அயனியாக்க ஓர் ஆக்சிஜனேற்றியைக் கூடவே போட்டுவைக்க வேண்டும். இன்னொரு சிறு பகுதி கரிமச் சேர்மங்களோடு வினைபுரிந்து மீத்தைல் பாதரசமாகிறது. 1951 ஆகஸ்ட் வரை மாங்கனீசு டை ஆக்சைடைத் துணைப்பொருளாகப் போட்டார்கள். பிறகு அதை நிறுத்தி இரும்புச் சேர்மத்துக்கு மாறினார்கள். உற்பத்திப் பிரிவுக்கு அது சாதாரணமான மாற்றம். அதன் பிறகு மீத்தைல் பாதரசம் உருவாவது கூடியது என்று பின்னாளில் ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். வினையூக்கியின் சேர்மானத்தில் ஒரு வரியைத் திருத்துவது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று எனக்குத் தெரியாது.

கழிவு நீர் ஹியாக்கென் துறையின் வழியே மினமாட்டா விரிகுடாவில் கலந்தது. சிப்பி, மீன், அவற்றைத் தின்ற பூனை, அவற்றையே உண்ட மீனவக் குடும்பங்கள் என்று பாதரசம் ஏறிக்கொண்டே போனது. 1956 மே 1 அன்று, காரணம் தெரியாத நரம்பு நோய் ஒன்று ஊரில் பரவுவதாக அரசு சுகாதார நிலையத்துக்கு அறிக்கை கொடுத்தார் ஹாஜிமே ஹோசொகாவா. அவர் சிஸ்ஸோவின் ஆலை மருத்துவமனைத் தலைவர்.

அந்த ஹோசொகாவாதான் 1959இல் ஆலையின் அசெட்டால்டிஹைடு பிரிவுக் கழிவு நீரைத் தீனியில் கலந்து ஒரு பூனைக்குக் கொடுத்தார். ஆய்வு வரிசையில் அது 400ஆம் பூனை. அக்டோபரில் அது தள்ளாடியது, வலிப்பு வந்தது. மூளையை அறுத்துப் பார்த்தார்கள், ஊர்க்காரர்களின் நோய்தான். நிறுவனம் அந்த முடிவை வெளியிடவில்லை, ஆய்வைத் தொடரவும் விடவில்லை. 1970இல் மரணப் படுக்கையில் இருந்தபடிதான் ஹோசொகாவா நீதிமன்றத்துக்குச் சாட்சியம் சொன்னார்.

400ஆம் பூனை தள்ளாடிய அதே ஆண்டு டிசம்பரில் ஆலை ஒரு கழிவு நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைத் திறந்தது. விழாவில் நிறுவனத் தலைவர் சுத்திகரித்த நீர் என்று ஒரு குவளையை வாங்கிக் குடித்தார். அசெட்டால்டிஹைடு பிரிவின் நீர் அந்த நிலையத்துக்குள் போகவே இல்லை என்பது பிறகு தெரிந்தது.

எனக்கு முக்கியமான செய்தி அந்தத் துறையின் சேற்றில் இருக்கிறது. வடிகால் வாயருகே எடுத்த சேற்றில் டன்னுக்கு 2 கிலோ அளவில் பாதரசம் இருந்தது. சுரங்கம் தோண்டி எடுக்கத் தகுந்த செறிவு அது. விரிகுடாவில் மொத்தம் சேர்ந்தது 70 முதல் 150 டன் வரை இருக்கும், அதற்கு மேலும் இருக்கலாம் என்பது மதிப்பீடு. அத்தனையும் ஒரு காலத்தில் இந்த ஆலை காசு கொடுத்து வாங்கிய சரக்கு. வாங்கியது இவ்வளவு, கலனில் இருப்பது இவ்வளவு, மீதி எங்கே என்று கேட்க ஒரு கணக்குப் புத்தகம் போதும். பூனை தேவைப்பட்டிருக்காது.

ஆலை 1968 மே மாதம் அந்த வழியை நிறுத்தியது. நோய்க்குக் காரணம் அந்த ஆலைதான் என்று ஜப்பான் அரசு அறிவித்தது செப்டம்பரில். நிறுத்தியதற்குக் காரணம் மனசாட்சி அல்ல. எத்திலீனிலிருந்து பல்லேடியம் குளோரைடையும் தாமிரக் குளோரைடையும் கொண்டு அசெட்டால்டிஹைடு செய்யும் வாக்கர் முறை 1959 வாக்கில் ஜெர்மனியில் உருவாகிவிட்டது. அசெட்டிலீன் வழி விலையில் தோற்றது. பாதுகாப்பான வினையூக்கி வெல்வது சில சமயம் இப்படித்தான். நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் இதை நம்பிக் காத்திருக்க முடியாது என்பதற்கு அடுத்த கதை.

2. ஆவியாகப் போகும் பாதரசம்

வாக்கர் முறை அசெட்டால்டிஹைடை மீட்டது. வினைல் குளோரைடை மீட்கவில்லை.

வீட்டில் தண்ணீர் வரும் பிவிசி குழாய்க்கு மூலப்பொருள் வினைல் குளோரைடு. உலகில் பெரும்பாலான இடங்களில் அதை எத்திலீனிலிருந்து செய்கிறார்கள். எண்ணெய் குறைவாகவும் நிலக்கரி நிறையவும் உள்ள சீனாவில் வழி வேறு. நிலக்கரியிலிருந்து கோக், அதோடு சுண்ணாம்பைச் சேர்த்து மின் உலையில் கால்சியம் கார்பைடு, அதில் நீர் பட்டால் அசெட்டிலீன், அசெட்டிலீனோடு ஹைட்ரஜன் குளோரைடு சேர்ந்தால் வினைல் குளோரைடு. கடைசிப் படிக்கு வினையூக்கி, கரித் துகளில் ஏற்றிய மெர்க்குரிக் குளோரைடு. 1912இல் ஜெர்மானியரான ஃபிரிட்ஸ் கிளாட்டே காப்புரிமை பெற்ற முறையின் வழித்தோன்றல் இது.

மெர்க்குரிக் குளோரைடு நமக்குப் பழைய சரக்கு. சித்த மருத்துவத்தில் வீரம் என்பது இதுதான். சூடேற்றினால் உருகி ஓடாமல் பதங்கமாகி மேலே போய் ஒட்டிக்கொள்ளும் குணத்தை வைத்துத்தான் அதைச் செய்கிறார்கள், தூய்மையாக்குகிறார்கள். அந்த உப்பையே 100 முதல் 200 டிகிரி வரை சூடுள்ள குழாய்களில் அடைத்து, அதன் மேல் மாதக்கணக்கில் வாயுவை ஓடவிடுகிறார்கள். அது நிற்குமா?

நிற்பதில்லை. வினை வெப்பம் உமிழ்வது. ஒவ்வொரு மோலுக்கும் சுமார் 124 கிலோஜூல். உலைக்குள் ஆயிரக்கணக்கான செங்குத்துக் குழாய்கள், வெளியே குளிர்விக்கும் திரவம். குழாயின் நடுவில் ஏதாவது ஓரிடத்தில் வெப்பம் தேங்கும். அங்கிருந்து பாதரச உப்பு ஆவியாகக் கிளம்பி வாயுவோடு கீழே போகும். கொஞ்சம் கீழே உள்ள கரியில் படியும், மீதி உலையை விட்டே வெளியேறி, வாயுவைக் கழுவும் அமிலத்திலும் காரத்திலும் சேரும். வினையூக்கி சோர்ந்துவிட்டது என்று ஆலைக்குத் தெரிவதும், பாதரசம் ஊருக்குள் வருவதும் ஒரே நிகழ்வின் இரண்டு முகங்கள். ஆயுள் குறைகிறது என்றால் யாருக்கோ ஆபத்து கூடுகிறது என்று அர்த்தம்.

பழைய வினையூக்கிகளில் எடையில் 10 முதல் 12 விழுக்காடு மெர்க்குரிக் குளோரைடு இருந்தது. பிறகு வந்த 'குறை பாதரச' வகையில் அது ஏறத்தாழப் பாதி. 2013 அக்டோபரில் குமாமோட்டோவில் ஏற்கப்பட்டு 2017 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை, 2010ஐ அடிப்படையாகக் கொண்டு ஒரு டன் உற்பத்திக்கான பாதரசத்தை 2020க்குள் பாதியாக்கச் சொன்னது. டன்னுக்கு என்பதைக் கவனியுங்கள். உற்பத்தி இரட்டித்தால் ஆவியாகும் மொத்தம் அப்படியே இருக்கும். பாதரசமே இல்லாத வினையூக்கி தொழில்நுட்பத்தாலும் செலவாலும் சாத்தியம் என்று உறுப்பு நாடுகளின் மாநாடு முடிவு செய்தால், அதிலிருந்து ஐந்து ஆண்டில் பாதரசம் தடை. ஆக, சட்டத்தின் கடிகாரம் ஓடத் தொடங்குவதே ஓர் ஆய்வகக் கேள்வியில்தான். அந்தக் கேள்விக்கான விடையைச் சொல்லும் முன் பிளாட்டினம் பக்கம் போய் வர வேண்டும்.

3. வலை போட்ட உலோகம்

நைட்ரிக் அமில ஆலையில் அம்மோனியாவும் காற்றும் பிளாட்டின வலையின் வழியே போகின்றன. தூய பிளாட்டினம் அல்ல, 5 முதல் 10 விழுக்காடு ரோடியம் கலந்தது. முடியளவு கம்பியில் நெய்த துணி அது. பழைய நெசவு வகையில் சதுர சென்டிமீட்டருக்கு 1024 கண்கள் இருக்கும். புதிதாகப் போடும்போது வெள்ளியாக மின்னும். வேலை செய்து வெளியே வரும்போது சாம்பல் நிறமாக, கம்பியெங்கும் முள் முள்ளாகப் புடைத்திருக்கும். சுமார் 900 டிகிரியில் பிளாட்டினம் ஆக்சைடாகி ஆவியாவதால் வரும் கோலம் அது. சில மாதங்களிலிருந்து ஒரு வருடத்துக்குள் வலையை மாற்றியாக வேண்டும்.

இங்கும் வினையூக்கி கிளம்பிப் போகிறது. ஒரு டன் அமிலத்துக்குக் கிராமில் ஒரு பங்குதான். ஆனால் பாருங்கள், இந்தத் தொழில் அதற்கு என்ன செய்தது! பிளாட்டின வலைக்குக் கீழே பல்லேடியத்தில் இன்னொரு வலை விரித்தது. மேலே ஆவியாகும் பிளாட்டினத்தைப் பல்லேடியம் பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு அந்த வலையைச் சுத்திகரிப்பவரிடம் அனுப்பி உலோகத்தைப் பிரித்தெடுப்பார்கள். ஆலை நிறுத்தத்தில் குழாய்களைத் திறந்து தூசியைக்கூடச் சுரண்டிச் சேர்ப்பார்கள். வந்தது இவ்வளவு, மீண்டது இவ்வளவு, காணாமல் போனது இவ்வளவு என்று கிராம் கணக்கில் பேரேடு இருக்கும்.

மினமாட்டாவில் டன் கணக்கில் போனது, கேட்க நாதியில்லை. இங்கே கிராம் போனால் வலை விரிக்கிறார்கள். இரண்டுமே வேதியியல்தான், வித்தியாசம் சந்தை விலை. இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வினையூக்கி வடிவமைப்பில் இதை ஒரு கருவியாகவே பயன்படுத்தலாம் என்று நினைக்கிறேன். விலை உயர்ந்த உலோகம் தனக்கான காவலரைத் தானே அழைத்து வருகிறது.

4. தங்கம்

1985இல் கிரகாம் ஹட்ச்சிங்ஸ் ஒரு கட்டுரை எழுதினார். அப்போது அவர் தென் ஆப்பிரிக்காவில் இருந்தார். அங்கேயும் எண்ணெய் கிடைப்பது சிக்கல், நிலக்கரி தாராளம். வினைல் குளோரைடு அசெட்டிலீன் வழியில்தான் வந்தது. பத்து ஆண்டுகளுக்கு முன் ஷினோடா என்ற ஜப்பானியர் பல உலோகக் குளோரைடுகளின் வினைத்திறனை அளந்து வைத்திருந்தார். ஹட்ச்சிங்ஸ் அதே எண்களை எடுத்து, அந்த உலோகங்களின் திட்ட மின்முனை அழுத்தத்துக்கு எதிரே வரைபடமாகப் போட்டார். புள்ளிகள் ஒரு போக்கில் அமைந்தன. அந்தப் போக்கில் மெர்க்குரியைத் தாண்டி நீட்டினால் உச்சத்தில் நிற்க வேண்டியது தங்கம்.

தங்கத்தை மந்த உலோகம் என்றுதான் அன்று எல்லோரும் கருதினார்கள். மசடாகே ஹருடா, தங்க நுண்துகள்கள் உறைநிலைக்கு வெகு கீழேயும் கார்பன் மோனாக்சைடை எரிக்கின்றன என்று வெளியிட்டதே 1987இல்தான். ஹட்ச்சிங்ஸும் விட்வாட்டர்ஸ்ராண்டு பல்கலைக்கழகக் குழுவும் 1988இல் தங்கக் குளோரைடைக் கரியில் ஏற்றிச் சோதித்துக் காட்டினார்கள். கணிப்பு சரி. தங்கம் மெர்க்குரியை வென்றது.

அப்புறம் ஏன் அடுத்த வருடமே ஆலைகள் மாறவில்லை? இங்கேதான் ஆயுள் குறுக்கே வந்து நின்றது. தங்கம் பாதரசம் போல ஆவியாகவில்லை, இடத்திலேயே இருந்தது. ஆனால் உருமாறியது. +3 ஆக்சிஜனேற்ற நிலையில் வேலை செய்த தங்க அயனி, அசெட்டிலீனின் முன்னிலையில் மெல்ல உலோகத் தங்கமாக ஒடுங்கியது. உலோகமானதும் அணுக்கள் ஒன்றையொன்று தேடித் திரண்டன. கரியின் மேல் மின்னும் தங்கத் துகள் நகைக்கடைக்குப் பயன்படும், வினைக்குப் பயன்படாது. கூடவே, தங்கத்தைக் கரியில் ஏற்ற இராஜ திராவகம் தேவைப்பட்டது. ஒரு நஞ்சை ஒழிக்கக் கிளம்பி, நைட்ரஜன் ஆக்சைடுகளைப் புகைக்கும் அமிலத்தை டன் கணக்கில் கையாளச் சொன்னால் எந்த ஆலை ஒப்புக்கொள்ளும்? எடையில் 1 விழுக்காடு அளவுக்குத் தங்கமும் வேண்டியிருந்தது.

தீர்வு வந்த இடம் சுவையானது. வினையூக்கி ஆய்வில் கந்தகத்தை நாங்கள் நஞ்சு என்போம். ஜான்சன் மேத்தி நிறுவனத்தாரும் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் ஹட்ச்சிங்ஸ் குழுவினரும் அந்தக் கந்தகத்தையே தங்கத்துக்குத் துணையாக வைத்தார்கள். தயோசல்பேட்டு, புகைப்படம் கழுவும் காலத்தில் 'ஹைப்போ' என்று கடையில் கிடைத்த அதே உப்பின் அயனி, தங்கத்தை +1 நிலையில் கட்டி வைக்கும். தயோசல்பேட்டுத் தங்கம் நீரில் கரையும். நீரிலேயே கரியில் ஏற்றலாம். இராஜ திராவகம் வேண்டாம். உலோகமாகத் திரள்வதும் குறைந்தது. தங்கத்தின் அளவு 0.1 முதல் 0.25 விழுக்காட்டுக்கு இறங்கியது. சீன ஆலைகளில் ஓட்டிப் பார்த்து வணிக உற்பத்திக்குக் கொண்டுவந்த வரலாற்றை அவர்களே 2015இல் விரிவாக எழுதியிருக்கிறார்கள். ஏற்கெனவே உள்ள உலைக் குழாய்களிலேயே போடலாம், உலையை உடைத்துக் கட்ட வேண்டியதில்லை என்பது ஆலைக்காரர்களுக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய செய்தி.

2017இல் கார்டிஃப் குழு, வினை ஓடிக்கொண்டிருக்கும்போதே சின்க்ரோட்ரான் எக்ஸ் கதிர்களால் வினையூக்கியைப் பார்த்தது. அங்கே நுண்துகள்கள் இல்லை. கரியின் மேல் தனித்தனி அணுக்களாக, +1, +3 நிலைகளில் தங்க அயனிகள் இருந்தன. அணுக்கள் தனித்தனியாக இருக்கும்வரைதான் வினை. ஆயுளை நீட்டுவது என்றால் அவற்றைச் சேரவிடாமல் வைத்திருப்பது என்று இந்தப் பாடத்தை அணு அளவில் படித்துவிட்டோம். வரைபடத்தில் ஒரு கோட்டை நீட்டியதிலிருந்து இங்கே வர முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. நிதி நல்கை அமைப்புகள் மூன்று ஆண்டில் முடிவு கேட்கின்றன.

இப்போது கணக்குப் போடுங்கள். ஒரு டன் வினையூக்கியில் 1 முதல் 2.5 கிலோ தங்கம் இருக்கும். ஆயுள் முடிந்த கரியை யாரும் ஆலைக்குப் பின்னால் கொட்டமாட்டார்கள். எரித்துச் சாம்பலாக்கித் தங்கத்தைப் பிரித்து, அதையே அடுத்த சுற்றில் போடுவார்கள். பாதரசத்துக்குப் பதில் தங்கம் பாதுகாப்பானது என்று நான் சொல்வது அதன் நச்சுத்தன்மை குறைவு என்பதற்காக மட்டும் இல்லை. அது தொலைந்தால் தேடுவார்கள்.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். வினைல் குளோரைடு புற்றுநோய் உண்டாக்கும் வாயு. தங்கம் அதை மாற்றாது. கார்பைடு உலைகள் விழுங்கும் மின்சாரத்தையும் மாற்றாது. எல்லாவற்றையும்விட முரணான ஒன்று உண்டு. உலகில் மனிதச் செயலால் காற்றில் கலக்கும் பாதரசத்தில் மிகப் பெரிய பங்கு, சுமார் 38 விழுக்காடு, சிறு அளவில் கையால் தங்கம் எடுக்கும் சுரங்கங்களிலிருந்து வருகிறது என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2018ஆம் ஆண்டு மதிப்பீடு. அங்கே பாறைத்தூளிலிருந்து தங்கத்தைப் பிரிப்பதே பாதரசம். ஆலையில் பாதரசத்தை விரட்ட வாங்கும் தங்கம் அப்படி எடுத்ததாக இருந்தால் நாம் பாதரசத்தை இடம் மாற்றியிருக்கிறோம், அவ்வளவுதான். சுழற்சியில் மீண்ட தங்கமா என்று கேட்க வேண்டியது இதனால்.

5. என் வாதம் முழுதாகச் செல்லாத இடம்

பாதுகாப்பும் ஆயுளும் ஒன்று என்றேன். 'பெரும்பாலும்' என்ற சொல்லையும் சேர்த்தேன். அதற்குக் காரணம் குரோமியம்.

மணலி, தூத்துக்குடி போன்ற இடங்களில் அம்மோனியா ஆலை எப்படி ஓடுகிறது என்று உங்களில் பலர் நேரில் பார்த்திருப்பீர்கள். அம்மோனியா உருவாகும் கன்வெர்ட்டரில் இரும்பு இருக்கிறது. ஹேபர் முதலில் ஆஸ்மியத்தில்தான் வெற்றி கண்டார். ஆஸ்மியம் அரிதானது, அதன் ஆக்சைடு ஆவியாகிக் கண்ணைக் கெடுக்கும். பிஏஎஸ்எஃப் நிறுவனத்தில் ஆல்வின் மிட்டாஷ் ஆயிரக்கணக்கான கலவைகளைச் சோதித்து, கொஞ்சம் அலுமினாவும் பொட்டாஷும் சேர்ந்த இரும்புக்கு வந்து சேர்ந்தார். அலுமினா இரும்புத் துகள்களுக்கு நடுவில் நின்று அவற்றை ஒட்டவிடாமல் தடுக்கிறது. பத்து ஆண்டுக்கு மேலும் தாங்கும், வெளியே எடுத்தால் பழைய இரும்பு. பாதுகாப்பும் ஆயுளும் ஒரே மாற்றத்தில் கிடைத்தன. என் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

அதே ஆலையில் நாலு கலன் தள்ளி, கார்பன் மோனாக்சைடை நீராவியோடு வினைபுரியவைத்து ஹைட்ரஜனைக் கூட்டும் உயர்வெப்ப ஷிஃப்ட் கலன் இருக்கும். அங்கேயும் இரும்பு ஆக்சைடுதான். ஆனால் இங்கே துகள்களை ஒட்டவிடாமல் நிற்பது 8 முதல் 14 விழுக்காடு குரோமியம் ஆக்சைடு. நூறாண்டு பழைய சேர்மானம். குரோமியம் இருப்பதால்தான் வருடக்கணக்கில் உழைக்கிறது. அந்தக் குரோமியத்தில் சிறு பகுதி ஆறு இணைதிறன் நிலைக்குப் போனால் நுரையீரலுக்குப் புற்றுநோய்க் காரணி, நீரிலும் கரையும். ஆயுள் தரும் பொருளே ஆபத்தும் தருகிறது.

ஷட்டவுனில் கேட்டலிஸ்ட் மாற்றுவதை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். கலனுக்குள் நைட்ரஜன் நிரப்பியிருப்பார்கள். காற்று பட்டால் பழைய வினையூக்கி தணலாகிவிடும். உள்ளே இறங்குகிறவர் தலைக்கவசத்தில் குழாய் வழியாக மூச்சுக்காற்று வாங்குவார். மேலே ஒருவர் அவருடைய கயிற்றைப் பிடித்தபடி நிற்பார். வெற்றிடக் குழாயில் கருந்தூள் உறிஞ்சப்பட்டு டிரம்மில் விழும். டிரம்மை மூடும் இடத்தில் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளி துணியை மூக்கில் கட்டியிருப்பார். உள்ளே இறங்குகிறவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு டிரம் மூடுகிறவருக்குக் கிடைப்பதில்லை. நீண்ட ஆயுள் என்றால் இந்த நாள் அடிக்கடி வராது. அந்த அளவில் என் வாதம் இங்கும் நிற்கிறது. டிரம்மில் இருப்பது என்ன என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

குரோமியம் இல்லாத கலவைகள் வரத் தொடங்கியிருக்கின்றன. டென்மார்க்கின் டோப்சோ நிறுவனம் இரும்பும் குரோமியமும் இல்லாமல், துத்தநாக-அலுமினிய ஆக்சைடுகளை வைத்து ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பொதுத்துறை ஆலைகள் டெண்டரில் 'குரோமியம் இல்லாதது' என்று ஒரு வரி சேர்த்தால் மற்றவர்களும் வருவார்கள்.

6. நூறு விழுக்காடு என்னும் மாயை

கடைசியாக ஆய்வு மாணவர்களுக்கு.

நம் ஆய்வேடுகளில் வினையூக்கிக்கு இருபது மணி நேரம், அதிகம் போனால் நூறு மணி நேரம் சோதனை நடக்கிறது. ஓராண்டு ஓடும் ஆலைக்கு எட்டாயிரம் மணி நேரம் வேண்டும். அத்தனை நாள் ஆய்வகத்தில் ஓட்ட முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த இருபது மணி நேரத்தையாவது நேர்மையாக ஓட்டலாம்.

'மாற்றம் 100 விழுக்காடு, நூறு மணி நேரம் வரை குறையவில்லை' என்று ஒரு வரைபடம் வரும். மேலே ஒரு நேர்கோடு. தேர்வாளராக அமரும்போது எனக்கு மிகவும் சங்கடம் தருவது அந்தக் கோடுதான். வாயு முழுவதும் வினைபுரிந்து தீர்ந்துவிடுகிறது என்றால், தேவைக்கு மேல் வினையூக்கி போட்டிருக்கிறீர்கள் என்று பொருள். வேலை செய்வது மேலடுக்கு மட்டும். அது சாகும், அடுத்த அடுக்கு எடுத்துக்கொள்ளும், ஊதுபத்தியில் கங்கு இறங்குவது போல வினை கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். வெளியே வரும் வாயுவில் எந்த மாற்றமும் தெரியாது. கடைசி அடுக்கு வரும்போது ஒரே நாளில் சரியும். மாற்றம் முப்பது நாற்பது விழுக்காட்டில் நிற்கும்படி வினையூக்கியைக் குறைத்துப் போட்டு ஓட்டுங்கள். கோடு சரிந்தால் சரியட்டும். சரிவின் சாய்வைத்தான் ஆலை கேட்கிறது.

உலோகத்தின் கணக்கையும் அட்டவணையில் சேருங்கள். போட்டது எவ்வளவு, ஓட்டம் முடிந்ததும் கரியில் இருப்பது எவ்வளவு, வெளியே போனது எவ்வளவு. மூன்றாவது எண்ணை முதல் இரண்டையும் கழித்துப் போடக் கூடாது, தனியாக அளக்க வேண்டும். உங்கள் உலைக்கு அடுத்து வாயுவைக் கழுவும் ஒரு பாட்டில் இருக்கிறது அல்லவா? சோதனை முடிந்ததும் அதில் தேங்கிய நீரை சிங்கில் ஊற்றிவிட்டுத்தான் எல்லோரும் வீட்டுக்குப் போகிறோம். இனிமேல் அதில் பத்து மில்லியை ஒரு குப்பியில் எடுத்து, தேதி எழுதி, உலோகப் பகுப்பாய்வுக்கு அனுப்புங்கள். மீதியைக் கன உலோகக் கழிவுக் கலத்தில் ஊற்றுங்கள். கருவி நம் துறையிலேயே கீழ்த்தளத்தில் இருக்கிறது. முன்பதிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான்.